31 கிளப்புகள், ஒரே வேலை: செபாஸ்டியன் அப்ரேயு – ஒரு நிகழ்வு ஆய்வு

நம் ஊர்க் கடிகாரத்தில் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கிய ஆட்டம் அது. 2010 உலகக் கோப்பைக் காலிறுதி, ஜோகன்னஸ்பர்க்கின் சாக்கர் சிட்டி மைதானம், உருகுவேக்கு எதிராகக் கானா. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டதால் தொலைக்காட்சியின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் மனம் கானாவின் பக்கம் இருந்தது. அதுவரை எந்த ஆப்பிரிக்க அணியும் உலகக் கோப்பை அரையிறுதியை எட்டியதில்லை.

முதல் பாதி முடியும் நேரத்தில் கானாவின் முன்டாரி தொலைவிலிருந்து அடித்த பந்து கோலுக்குள் போனது. இடைவேளைக்குப் பிறகு உருகுவேயின் ஃபோர்லான் ஃப்ரீ கிக்கில் சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில், கோட்டைத் தாண்டவிருந்த பந்தை உருகுவேயின் சுவாரெஸ் கையால் தடுத்துச் சிவப்பு அட்டை வாங்கினார். கிடைத்த பெனால்டியைக் கானாவின் அசமோவா கியான் மேல் கம்பத்தில் அடித்தார். அந்தக் கம்பம் அதிர்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிறகு பெனால்டி ஷூட் அவுட். இரு அணிகளும் நான்கு நான்கு அடித்து முடித்தபோது உருகுவே 3, கானா 2. ஐந்தாவது பந்தை எடுத்துக்கொண்டு நடந்து வந்தவர் நீண்ட முடியும் 13ஆம் எண் சட்டையுமாக ஒரு நெடிய மனிதர். 76ஆவது நிமிடத்தில் கவானிக்குப் பதிலாக உள்ளே வந்தவர். வேகமாக ஓடி வந்தார். கோல் கீப்பர் கிங்சன் ஒரு பக்கம் பாய்ந்தார். அந்த இடது கால் பந்தை ஓங்கி அடிக்கவில்லை. அடியில் கொடுத்து மெல்லத் தூக்கிவிட்டது. கீப்பர் சற்று முன் நின்ற இடத்தின் வழியாக, அவசரமே இல்லாமல், பந்து வலைக்குள் இறங்கியது.

அடித்தவர் வாஷிங்டன் செபாஸ்டியன் அப்ரேயு கயோ. உருகுவேயில் அவருக்கு ‘எல் லோகோ’ என்று பெயர். கிறுக்கன் என்று பொருள். அன்றிரவு எனக்கும் அந்தப் பெயர் பொருத்தமாகவே பட்டது. அவருடைய கால்பந்து வாழ்க்கையை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை. தன் தொழிலின் கணக்கை அவரளவுக்குச் சுத்தமாகத் தெரிந்து வைத்திருந்த முன்கள வீரர்கள் குறைவு.

எண்ணிக்கை சொல்வது

அப்ரேயு 1976 அக்டோபர் 17இல் உருகுவேயின் மினாஸ் என்ற சிறு நகரத்தில் பிறந்தார். 1990களின் நடுவில் தலைநகர் மான்டெவீடியோவின் டிஃபென்சர் ஸ்போர்ட்டிங் கிளப்பில் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கினார். 2021 ஜூனில், 44 வயதில், ஓய்வு அறிவித்தபோது அவர் ஆடியிருந்த கிளப்புகள் 31, நாடுகள் 11. 2017 இறுதியில் சிலியின் அவுடாக்ஸ் இத்தாலியானோவில் சேர்ந்தபோது அது அவருடைய 26ஆவது கிளப். 25 கிளப்புகளுக்கு ஆடிய ஜெர்மானிய கோல் கீப்பர் லுட்ஸ் ஃபானன்ஸ்டீலைத் தாண்டி அப்போது கின்னஸ் பதிவில் இடம்பிடித்தார்.

31 என்ற எண்ணைக் கேட்டதும் பலர் சொல்வது, “எங்கும் நிலைக்கவில்லை போலிருக்கிறது” என்பது. நாம் அரசு வேலைக்கு வைக்கும் அளவுகோலால் இதை அளக்கிறோம். ஒரே அலுவலகத்தில் முப்பது ஆண்டு இருந்தால் பெருமை, இடம் மாறிக்கொண்டே இருந்தால் குறை. கால்பந்து முன்கள வீரருக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. 31 முறை யாரோ ஒருவர் அவருடைய ஆட்டத்தைப் பார்த்து, சம்பளம் பேசி, சட்டையைக் கையில் கொடுத்திருக்கிறார். கோல் அடிக்காத முன்கள வீரரை நான்காவது கிளப்பே கூப்பிடாது.

அந்த 31ஐயும் நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். மெக்சிகோவில் 7, பிரேசிலில் 6, சொந்த நாடான உருகுவேயில் 5, அர்ஜென்டினாவிலும் சிலியிலும் தலா 3, ஸ்பெயினில் 2. இஸ்ரேல், கிரீஸ், ஈக்வடார், பராகுவே, எல் சால்வடார் ஆகிய ஐந்திலும் ஒவ்வொன்று. உலகம் சுற்றியவர் என்று பெயர் எடுத்த இவருடைய கிளப்புகளில் 29, ஸ்பானிஷ் மொழியோ போர்ச்சுகீஸ் மொழியோ பேசும் நாடுகளில் இருப்பவை. மீதி இரண்டு, ஜெருசலேமின் பெய்தாரும் தெசலோனிகியின் ஆரிஸும். இரண்டிலும் அவர் அரை ஆண்டைத் தாண்டவில்லை. பெய்தாருக்கு 2008இல் போனவர் அதே ஆண்டில் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டுக்குத் திரும்பிவிட்டார்.

தற்செயல் என்று இதை ஒதுக்க என்னால் முடியவில்லை. அடிக்கடி இடம் மாறுபவருக்குப் பழகிக்கொள்ள அவகாசம் கிடையாது. திங்கட்கிழமை வந்து சேர்ந்து சனிக்கிழமை ஆட வேண்டும். எப்போது பந்தைக் குறுக்கே போடப் போகிறான் என்று ஓரத்தில் ஆடுபவனிடம் கத்திக் கேட்கவும், உடைமாற்றும் அறையில் முதல் நாளே நான்கு பேரைச் சிரிக்க வைக்கவும், பயிற்சியாளர் கோபத்தில் சொல்வதைப் பாதி வாக்கியத்திலேயே பிடித்துக்கொள்ளவும் மொழி வேண்டும். அப்ரேயு தன் மொழி செல்லும் எல்லைக்குள்தான் பெரும்பாலும் நாடோடியாக இருந்தார்.

முதல் பாடம்: லா கொருன்யா

டிஃபென்சரிலிருந்து அர்ஜென்டினாவின் சான் லொரென்சோவுக்குப் போய்க் கோல்கள் அடித்துப் பெயர் வாங்கினார். 1998இல் ஸ்பெயினின் டெபோர்டிவோ லா கொருன்யா அவரை வாங்கியது. தென் அமெரிக்க இளைஞன் ஒருவனுக்கு வாழ்க்கை நிலைபெற வேண்டிய இடம் அது. ஆனால் லீகில் அவர் ஆடியது 15 ஆட்டங்கள், அடித்தது 3 கோல்கள். அதன் பிறகு கிளப் அவரைக் கடனுக்கு அனுப்பத் தொடங்கியது. பிரேசிலின் கிரேமியோ, மெக்சிகோவின் டெக்கோஸ், மறுபடி சான் லொரென்சோ, பிறகு மான்டெவீடியோவின் நாசியோனல்.

கடனுக்கு அனுப்புவது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வீரரின் பதிவு தாய்க் கிளப்பிடமே இருக்கும். வேறொரு கிளப் அவரைக் குறித்த காலத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளும். அவர் நன்றாக ஆடினால் விலை ஏறும், லாபம் தாய்க் கிளப்புக்கு. ஆடாவிட்டால் திரும்பி வருவார், மீண்டும் வேறு ஊருக்கு அனுப்பப்படுவார். வீட்டு வாடகை ஒப்பந்தம் முதல் குழந்தையின் பள்ளி வரை எல்லாமே அடுத்த கடிதம் வரும்வரைதான்.

அப்ரேயு மெக்சிகோவில் இருந்த 1999-2000 பருவத்தில்தான் டெபோர்டிவோ தன் வரலாற்றின் ஒரே ஸ்பெயின் லீக் பட்டத்தை வென்றது. கோல்களை அடித்தவர் ராய் மக்காய், 22 கோல்கள். அப்ரேயுவின் பெயர் தாங்கிய பத்திரம் அந்தக் கிளப்பின் மேசையில் இருந்தது, அவர் கடல் கடந்து இன்னொரு கிளப்பின் சட்டையில் இருந்தார். இந்த இடத்தில் பல முன்கள வீரர்களின் கதை முடிந்துபோகிறது. ஐரோப்பாவில் தோற்றுப்போனோம் என்ற எண்ணம் மனத்தில் தங்கிவிட்டால் கால் தயங்கும். பெனால்டி பகுதிக்குள் தயங்கும் கால் எதற்கும் பயன்படாது.

அரை ஆண்டுச் சந்தை

அவரைத் தூக்கி நிறுத்தியது மெக்சிகோ. அங்கே 1996 முதல் ஆண்டுக்கு ஒரு பட்டத்துக்குப் பதிலாக இரண்டு குறுந்தொடர்கள் நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி சாம்பியன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கிளப் நிர்வாகிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பதற்றம் வரும். பதற்றம் வந்தால் அவர்கள் முதலில் தேடுவது கோல் அடிப்பவரை.

2002இன் முதல் குறுந்தொடரில் குரூஸ் அசுல் கிளப்புக்காக அப்ரேயு அடித்தவை 19 கோல்கள். லீகில் அவர்தான் முதலிடம். அதன் பின் அமெரிக்கா என்ற பெயருள்ள மெக்சிகோ கிளப், மறுபடி டெக்கோஸ், டொராடோஸ், மான்டெர்ரே, சான் லூயிஸ், டிக்ரெஸ் என்று அந்த நாட்டுக்குள்ளேயே சட்டைகள் மாறின. நடுவில் நாசியோனலுக்குப் போய் வந்தார்.

இவற்றில் நான் நின்று பார்க்க விரும்புவது டொராடோஸ். வடமேற்கு மெக்சிகோவின் குலியகான் நகரத்துக் கிளப். வெயில் கொளுத்தும் ஊர், கால்பந்தைவிடப் பேஸ்பால் மீது பற்றுக்கொண்ட ஊர். கிளப் தொடங்கப்பட்டது 2003இல், முதல் டிவிஷனுக்கு வந்தது 2004இல். 2006 தொடக்கத்தில் அங்கே பயிற்சியாளர் ஹுவான் மனுவேல் லில்லோ. அவரிடம் பாடம் கேட்பதற்கென்றே 35 வயதில் வந்து சேர்ந்த நடுக்கள வீரர், பின்னாளில் புகழ்பெற்ற பயிற்சியாளரான பெப் குவார்டியோலா. முன்னால் அப்ரேயு. அந்தக் குறுந்தொடரில் அப்ரேயு 11 கோல்கள் அடித்து, அதிக கோல் அடித்தோர் பட்டியலின் உச்சியில் இருந்தார். டொராடோஸ் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது.

ஒரு அணியின் முன்கள வீரர் நாட்டிலேயே முதலிடத்தில் இருக்க, அந்த அணி எப்படி இறங்கும்? அப்போது மெக்சிகோவில் இறக்கம் ஒரு தொடரின் புள்ளிகளை வைத்து முடிவாகவில்லை. மூன்று ஆண்டுகளின் சராசரிப் புள்ளிகளைக் கணக்கிட்டார்கள். புதிதாக மேலே வந்த கிளப்புக்கு ஆடிய ஆட்டங்கள் குறைவு, ஒரு மோசமான பருவமே சராசரியைக் குடைசாய்த்துவிடும். முன்பு செய்த பிழைகளுக்கான வட்டியை இப்போது வந்தவர் கட்ட முடியாது. ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் ஊர் ஊராகப் போகும் முன்கள வீரருக்குத் தெரிந்திருக்க வேண்டிய உண்மை இது. தன் வேலையைச் சரியாகச் செய்தாலும் சுற்றியிருப்பது இடிந்து விழலாம். அப்போது அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். 2012இல் பிரேசிலின் ஃபிகெய்ரென்ஸிலும் இதே அனுபவம், அந்தக் கிளப்பும் அந்த ஆண்டு முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது.

எடுத்துச் செல்லக்கூடிய திறமை

அப்ரேயுவும் ஃபானன்ஸ்டீலும் ஒரே பதிவில் அடுத்தடுத்து வந்ததை நான் வெகுநேரம் யோசித்தேன். ஒருவர் கோல் அடிப்பவர், மற்றவர் கோல் காப்பவர். மைதானத்தின் இரு கோடிகள். அணியின் ஆட்ட முறையை மிகக் குறைவாகச் சார்ந்திருக்கும் இடங்களும் இவை இரண்டும்தான். நடுக்கள வீரர் ஒருவர் புதிய அணியில் நிலைபெற, மற்ற பத்துப் பேரின் ஓட்டம் அவருக்கு மனப்பாடமாக வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். கீப்பரும் உயரமான முன்கள வீரரும் தங்கள் கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி எடுத்துச் செல்லலாம்.

அப்ரேயுவின் கருவி எளிமையானது. உயரம் 1.93 மீட்டர். நல்ல இடது கால். அதைவிட நல்ல தலை. முதுகைக் கோலுக்குக் காட்டி நின்று, டிஃபெண்டரின் பாரத்தை இடுப்பில் தாங்கிக்கொண்டு, நீளமாக வரும் பந்தை மார்பில் வாங்கிக் கூட்டாளிக்கு இறக்கிக் கொடுப்பார். பந்து ஓரத்துக்குப் போனதும் பெனால்டி பகுதிக்குள் நுழைவார். குலியகானில் ஓரத்திலிருந்து போடும் கிராஸும் ரியோவில் போடும் கிராஸும் ஒரே மாதிரிதான் வளைகின்றன. ஓட்டத்தில் அவர் எப்போதும் வேகமானவர் கிடையாது. அதனால் 35 வயதில் அவர் இழப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. வேகத்தை நம்பி வாழும் முன்கள வீரர்கள் 31 வயதில் பாதியாகிவிடுகிறார்கள். உயரம் குறைவதில்லை, பந்து எங்கே விழும் என்ற கணிப்பு வயதோடு கூர்மையாகிறது.

2009 ஜனவரியில் ஸ்பெயினின் ரியல் சோசிடாட் அவரை எடுத்தபோது அது இரண்டாம் டிவிஷனில் தவித்துக்கொண்டிருந்தது. லா கொருன்யா முடிவுகட்டிய ஆளை அதே நாட்டின் இன்னொரு கிளப் பத்தாண்டு கழித்து நம்பியது. அரைப் பருவத்தில் 11 கோல்கள் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

காலண்டரும் அவருக்கு உதவியது. ஐரோப்பாவில் பருவம் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடிகிறது. பிரேசிலில் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஒன்றில் கதவு மூடும் நேரத்தில் இன்னொன்றில் திறக்கிறது. ஒரு வீரர் ஒரு பருவத்தில் அதிகபட்சம் மூன்று கிளப்புகளில் பதிவு பெறலாம், இரண்டுக்குத்தான் போட்டிகளில் ஆடலாம் என்பது ஃபிஃபாவின் பொது விதி. பருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் நாடுகளுக்கு இடையே மாறுபவருக்கு அதில் விலக்கு உண்டு. அப்ரேயுவின் பாதையைத் தேதி வைத்துப் பார்த்தால், இந்த இடைவெளிகளின் வழியாக எப்படி நுழைந்து போனார் என்பது தெரியும். ஜனவரியில் ஸ்பெயின், கோடையில் கிரீஸ், அடுத்த ஜனவரியில் பிரேசில்.

ரியோ

2010 ஜனவரியில் பொட்டாஃபோகோ. அவருடைய மற்ற கிளப்புகளையெல்லாம் தங்குமிடம் என்று சொன்னால் இதை வீடு என்று சொல்லலாம். ரியோ மாநிலச் சாம்பியன்ஷிப் இறுதியில் 2007, 2008, 2009 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஃபிளமெங்கோவிடம் தோற்றிருந்த கிளப் அது. ரசிகர்களுக்குத் தோல்வி பழகிப்போயிருந்தது. பிரேசிலின் புகழ்பெற்ற வீரரும் பயிற்சியாளருமான மரியோ ஸகாலோ ஒருகாலத்தில் ஆடிய கிளப்பும் இதுதான். 13 என்ற எண்ணின் மீது ஸகாலோவுக்கு இருந்த பற்று பிரேசில் முழுக்கத் தெரிந்தது. அப்ரேயு அங்கே அணிந்ததும் 13.

ஏப்ரல் 18, மரக்கானா மைதானம், எதிரே மறுபடி ஃபிளமெங்கோ. ஆட்டம் 1-1 என்றிருக்கும்போது பொட்டாஃபோகோவுக்குப் பெனால்டி. அப்ரேயு ஓடி வந்து, கீப்பர் பாயும்வரை பொறுத்து, நடுவில் மெல்லத் தூக்கிவிட்டார். பந்து மேல் கம்பத்தை உரசிவிட்டு உள்ளே விழுந்தது. 2-1, பட்டம் பொட்டாஃபோகோவுக்கு. பிரேசிலியர்கள் இந்த அடியைக் ‘கவாஜீன்யா’ என்கிறார்கள், மண்ணைச் சிறிதாகத் தோண்டுவதுபோல. உலகம் முழுக்க இதற்குப் பெயர் பனேங்கா. 1976 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் செக்கோஸ்லோவாகியாவின் அன்டோனின் பனேங்கா மேற்கு ஜெர்மனியின் செப் மையரை ஏமாற்றி அடித்தது. அப்ரேயு பிறந்தது அதே ஆண்டு, நான்கு மாதம் கழித்து.

இப்போது ஜோகன்னஸ்பர்க்குக்குத் திரும்பி வருகிறேன். மரக்கானாவில் அவர் இப்படி அடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கிங்சன் ஏன் நடுவில் நிற்கவில்லை? 11 மீட்டர் தொலைவிலிருந்து ஓங்கி அடித்த பந்து அரை நொடிக்குள் கோட்டை அடைந்துவிடும். பார்த்துவிட்டுப் பாய நேரம் கிடையாது. முன்கூட்டியே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துப் பாய்வதுதான் கீப்பரின் தொழில். ஆட்டத்தின் முடிவு தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் நடுவில் சிலையாக நின்று, பந்து ஓரத்தில் போய்விட்டால், அந்தக் கீப்பரை அவர் நாடு மன்னிக்காது. அப்ரேயு நம்பியது இந்த அச்சத்தை.

இன்னொன்றும் இருக்கிறது. அப்போதைய நிலை 3-2. அப்ரேயு தவறவிட்டிருந்தாலும் உருகுவே தோற்றிருக்காது. கானாவுக்கு ஒரு அடி மீதம் இருந்தது. அது உள்ளே போனால்தான் சமன். நாட்டின் தலையெழுத்தைப் பணயம் வைத்த கிறுக்கு என்று அன்றிரவு வர்ணித்தார்கள். பணயம் அவ்வளவு பெரியதாக இருக்கவில்லை.

ஆனாலும் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்கு 2011 பிப்ரவரியில் நடந்த ஃபுளுமினென்ஸுக்கு எதிரான ஆட்டம் சாட்சி. அதில் அப்ரேயு கவாஜீன்யா முயன்றார். கீப்பர் டியேகோ கவலியெரி அசையாமல் நின்று பந்தைக் கையில் வாங்கிக்கொண்டார். ஒரு முன்கள வீரருக்கு மைதானத்தில் இதைவிட அவமானமான காட்சி அமையாது. சில நிமிடங்களில் பொட்டாஃபோகோவுக்கு இன்னொரு பெனால்டி கிடைத்தது. மறுபடி அப்ரேயு வந்தார். மறுபடி மெல்லத் தூக்கினார். கோல். சற்று முன் மானம் போன அதே வழியில் இவன் மீண்டும் வர மாட்டான் என்று கீப்பர் நினைப்பார், அதனால் அதே வழியில் போக வேண்டும் என்று முடிவெடுக்க, கூட்டத்தின் இரைச்சலுக்குள் எவ்வளவு அமைதியான மண்டை வேண்டும்! பொட்டாஃபோகோ 3-2 என்று வென்றது. அந்தக் கிளப்புக்காக அவர் அடித்தவை 60க்கு மேற்பட்ட கோல்கள்.

கடைசிப் பன்னிரண்டு

இந்த ஆய்வில் நான் ஒரு கோடு போட்டாக வேண்டும். 2014 வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகளில், அவர் ஆடியது 19 கிளப்புகளுக்கு. 2015இல் ஈக்வடாரின் ஆகாஸில் தொடங்கி 2021 வரையிலான ஆறரை ஆண்டுகளில் புதிதாகச் சேர்ந்தவை 12. இந்தப் பன்னிரண்டையும் முதல் பத்தொன்பதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. முதல் பத்தொன்பது அவருடைய கோல்களுக்காக வந்த அழைப்புகள். பின்னவற்றில் அவருடைய பெயரும் ஒரு சரக்காகிவிட்டது. அவர் வந்தால் சிறு கிளப்பின் மைதானம் நிறையும், பத்திரிகையில் படம் வரும். சாதனை எண் வளர்வதும் எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது.

ஆனால் அந்தச் சிறு கிளப்புகளின் தேவை பொய்யானதல்ல. பிரேசிலின் பாங்கு, ரியோ பிராங்கோ, அத்லெடிக் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்வோம். அங்கே ஆண்டின் முதல் சில மாதங்கள் மாநிலச் சாம்பியன்ஷிப் நடக்கும். சிறு கிளப்புகளுக்கு அதுதான் ஆண்டு முழுவதற்குமான திருவிழா. பெரிய கிளப்புகள் எதிரே வரும், தொலைக்காட்சி வரும். அந்த மூன்று நான்கு மாதத்துக்கு மட்டும் அணியைக் கட்டுவார்கள், முடிந்ததும் கலைப்பார்கள். நூற்றுக்கணக்கான பெயர் தெரியாத வீரர்கள் ஆண்டுதோறும் இப்படித்தான் பிழைக்கிறார்கள். கின்னஸ் பதிவு உள்ள ஒருவர் அவர்களோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து காலுறையை மாட்டினார். எல் சால்வடாரின் சான்டா டெக்லா 2016இன் பிற்பகுதித் தொடரை வென்றபோது அதன் முன்கள வரிசையில் 40 வயது அப்ரேயு இருந்தார்.

மாறாத ஒரே சட்டை

கிளப்புகளை எண்ணிக்கொண்டே போவதில் மறைந்துபோகும் எண் ஒன்று உண்டு. 1996 முதல் 2012 வரை உருகுவே தேசிய அணிக்கு அவர் ஆடியவை 70 ஆட்டங்கள், அடித்தவை 26 கோல்கள். இரண்டு உலகக் கோப்பைகள், 2011 கோப்பா அமெரிக்கா பட்டம். பதினாறு ஆண்டுகள் அவர் விட்டு விலகாத அணி அது. எந்த ஊரில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாலும் வானிற நீலச் சட்டைக்காக விமானம் ஏறினார்.

2009 நவம்பர் 18 அன்று அவர் கிரீஸின் ஆரிஸ் வீரர். மொழி புரியாத ஊரில் தன் குறுகிய காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தார். அன்று மான்டெவீடியோவின் சென்டினாரியோ மைதானத்தில் கோஸ்டா ரிகாவுக்கு எதிரான தகுதிச் சுற்றின் இரண்டாம் ஆட்டம். முதல் ஆட்டத்தை உருகுவே 1-0 என்று வென்றிருந்தாலும் ஊரே பயந்திருந்தது. 70ஆவது நிமிடத்தில் அப்ரேயு கோல் அடித்தார். கோஸ்டா ரிகா சில நிமிடங்களில் சமன் செய்தது. இறுதி 1-1, மொத்தத்தில் 2-1. தென் ஆப்பிரிக்காவுக்கான கடைசி இடங்களில் ஒன்று உருகுவேக்குக் கிடைத்தது. ஃபோர்லானும் சுவாரெஸும் கவானியும் பேசப்பட்ட அந்த உலகக் கோப்பைக்கு அணியை ஏற்றிவிட்ட கோல்களில் அதுவும் ஒன்று.

2021இல் அவருடைய 31ஆவது கிளப் சுட் அமெரிக்கா, ஆரஞ்சு நிறச் சட்டை. ஜூன் மாதம் அந்தச் சட்டையில் கடைசியாக ஆடியபோது அவருக்கு வயது 44. கிளப் இருப்பது மான்டெவீடியோவில், மினாஸிலிருந்து வந்த உயரமான பையனாக டிஃபென்சரில் அவர் தொடங்கிய அதே நகரத்தில்.